புனித வினிஃப்ரெட்டின் பேழை: காட்ஃபேல் நாவல்களில் திருப்பண்டமும் தொடர்ச்சிப் புதிர்களும்

காட்ஃபேல் நாவல்கள், எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எடித் பார்ஜெட்டர் (1913–1995) எழுதிய இருபது துப்பறியும் நாவல்களின் வரிசை. 1977 முதல் 1994 வரை வெளிவந்தவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் இருந்த புனித பேதுரு, பவுல் பெனடிக்டைன் மடத்தைக் களமாகக் கொண்டவை. சிலுவைப் போரில் ஈடுபட்டு, கடலோடியாக வாழ்ந்து, நடுவயதில் துறவியாகி மடத்தின் மூலிகைத் தோட்டத்தைக் கவனிக்கும் வேல்ஸ் நாட்டவரான காட்ஃபேல் இவற்றின் நாயகர். இடைக்கால மடங்களைப் பின்னணியாகக் கொண்ட குற்றக்கதைகள் ஒரு தனி வகையாக வளர்ந்ததற்கு இந்த வரிசையும், 1980-ல் வெளிவந்த உம்பர்த்தோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவலும் முதன்மைக் காரணங்கள்.

வரிசையின் முதல், பத்தாம், பத்தொன்பதாம் நாவல்களை இணைப்பது ஒரு திருப்பண்டப் பேழை. புனிதர் ஒருவரின் எலும்பு, உடை, அவர் தொட்ட பொருள் ஆகியவற்றைத் தமிழ்க் கத்தோலிக்கர் திருப்பண்டம் என்பர். ஷ்ரூஸ்பரி மடத்துப் பீடத்தில் உள்ள பேழையில் புனித வினிஃப்ரெட்டின் எலும்புகள் இருப்பதாக எல்லாரும் நம்புகிறார்கள். அவை அங்கே இல்லை என்பது காட்ஃபேலுக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும். முதல் நாவலின் முடிவுக்காக அமைக்கப்பட்ட இந்தப் பொய், பின்னர் எழுதப்பட்ட பத்தொன்பது நாவல்களின் அடியிலும் இருக்கிறது. ஆசிரியரால் அதை மறக்கவும் முடியவில்லை, திரும்பப் பெறவும் முடியவில்லை. அவர் அதை எவ்வாறு கையாண்டார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நாவல்களின் முடிவுகள் இதில் விவாதிக்கப்படுகின்றன.

கதைக்கு முன் இருந்த ஆவணம்

வினிஃப்ரெட், வேல்ஸ் மொழியில் குவென்ஃப்ரெவி, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் புனிதர். தன் விருப்பத்துக்கு இணங்காத அவரது தலையை கரடாக் என்ற இளவரசன் வெட்டினான் என்றும், அவருடைய மாமனான புனித பியூனோ தலையை உடலோடு சேர்த்து உயிர்ப்பித்தார் என்றும் மரபு சொல்கிறது. தலை விழுந்த இடத்தில் பெருகிய ஊற்றே ஹோலிவெல். அங்கு இன்றும் மக்கள் நீராடச் செல்கின்றனர். உயிர்பெற்ற வினிஃப்ரெட் குவிதெரின் என்ற மலைச்சிற்றூரில் கன்னியர் மடத்தை நடத்தி அங்கேயே அடக்கமானார்.

ஷ்ரூஸ்பரி மடம் 1083-ல் நார்மன் பிரபு ரோஜர் தெ மாண்ட்கோமரியால் நிறுவப்பட்டது. புதிய மடமாதலால் அதற்கென்று சொந்தப் புனிதர் இல்லை. புனிதர் இல்லாத மடத்துக்குத் திருப்பயணியர் வருவதில்லை, காணிக்கையும் குறைவு. 1138 வாக்கில் மடத்தின் பிரையர், அதாவது தலைவருக்கு அடுத்த நிலையில் இருப்பவரான ராபர்ட் பென்னன்ட், ஒரு குழுவுடன் வேல்ஸுக்குச் சென்று குவிதெரினிலிருந்து எலும்புகளைக் கொண்டுவந்தார். இது வரலாறு. புனிதையின் வாழ்க்கையையும் எலும்புகள் ஷ்ரூஸ்பரி வந்த கதையையும் ராபர்ட்டே இலத்தீனில் எழுதி வைத்தார். மடத்தின் துறவி ஒருவர் சித்தம் கலங்கியதும், புனிதையின் அருளால் அவர் குணமடைந்ததும்தான் இந்தத் தேடலைத் தொடங்கிவைத்தன என்பது அவர் தரும் விளக்கம்.

பார்ஜெட்டர் ஷ்ராப்ஷயரில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவர். வட்டார வரலாற்றை நன்கறிந்தவர். 'எ மார்பிட் டேஸ்ட் ஃபார் போன்ஸ்' (எலும்புகள் மேல் விபரீத நாட்டம், 1977) என்ற முதல் நாவலில் ராபர்ட்டின் ஆவணத்தில் உள்ள எந்தச் செய்தியையும் அவர் பெரிதாக மறுக்கவில்லை. குழு போகிறது, கல்லறை திறக்கப்படுகிறது, பேழை வருகிறது, புதுமைகள் நிகழ்கின்றன. ஆவணம் எழுதியவருக்கே தெரியாத ஒன்று நடந்திருந்தால் என்ன என்பதுதான் நாவலாசிரியர் கேட்கும் கேள்வி. ஆவணத்தில் புனிதையின் அருளுக்குச் சான்றாக வரும் அந்தச் சித்தம் கலங்கிய துறவியையே அவர் கொலைகாரனாக ஆக்கினார். வரலாற்று நாவல் ஒன்று தன் மூல ஆவணத்தை இவ்வளவு மரியாதையோடு கவிழ்ப்பது அரிது.

பேழைக்குள் யார்?

நாவல் 1137 மே மாதத்தில் தொடங்குகிறது. கொலம்பானஸ் என்ற இளந்துறவி வலிப்பு வந்தவன்போல் விழுந்து, ஹோலிவெல்லில் 'குணமாகிறான்'. பிரையர் ராபர்ட்டின் குழு குவிதெரின் செல்கிறது. வேல்ஸ் மொழி தெரிந்தவர் என்பதால் காட்ஃபேலும் உடன் போகிறார். ஊர்ப் பெருநிலக்காரர் ரிசியார்ட் எலும்புகளைத் தர மறுக்கிறார். பிரையர் பணப்பையை நீட்டும்போது அது மறுப்பு என்ற நிலையிலிருந்து அவமானமாக மாறுகிறது. மறுநாள் ரிசியார்ட் நெஞ்சில் அம்பு தைத்துக் கிடக்கிறார். அம்பு, அவருடைய மகள் ஷோனெட் விரும்பும் ஆங்கிலேய இளைஞன் எங்கெலார்ட்டுடையது. பின்புறமிருந்து குத்துவாளால் கொன்றபின் அதே காயத்தில் அம்பு செருகப்பட்டிருப்பதைக் காட்ஃபேல் கண்டறிகிறார்.

கொன்றவன் கொலம்பானஸ். இளம் வயதிலேயே மடத்தின் உயர்பதவிக்கு வரவேண்டும் என்ற பேராசை அவனைத் தூண்டியது. சிற்றாலயத்தில் இரவுக் காவலில் இருக்கும் அவனிடம் ஷோனெட் புனிதையின் குரலில் பேசி உண்மையை வரவழைக்கிறாள். பின்னர் நடக்கும் கைகலப்பில் அவன் இறக்கிறான். வெளியே தெரிந்தால் எங்கெலார்ட் கொலைப்பழி ஏற்கவேண்டும், வேல்ஸ் ஊருக்கும் ஆங்கில மடத்துக்கும் பகை மூளும். காட்ஃபேல் வேறொரு வழி காண்கிறார். தன்னை இவ்வுலகிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி கொலம்பானஸ் எல்லார் முன்பும் உருகி வேண்டியிருந்தான். அவனது அங்கியும் மிதியடியும் மலர்கள் தூவப்பட்டு ஆலயத்தில் கிடக்கின்றன; அவன் மட்டும் இல்லை. துறவியர் அதைப் புதுமை என்கிறார்கள். பேழை முத்திரை குலையாமல் ஷ்ரூஸ்பரிக்குப் பயணமாகிறது. உள்ளே இருப்பது கொலைகாரனின் உடல். வினிஃப்ரெட் தன் ஊர் மண்ணுக்கே திரும்பிவிட்டாள்.

இந்த முடிவின் வலிமை, அது மூன்று தரப்புக்கும் வேண்டியதைக் கொடுத்துவிடுவதில் இருக்கிறது. மடத்துக்குப் பேழை, ஊருக்குப் புனிதை, காதலருக்கு விடுதலை. கொலம்பானஸுக்குக்கூட அவன் வேண்டிய புகழ் ஒருவகையில் கிடைக்கிறது. எல்லாக் கணக்கும் இவ்வளவு அழகாக நேர்வதே ஒரு எச்சரிக்கை. ஏமாற்றப்பட்டவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் இனிமேல் வரப்போகும் திருப்பயணியர்.

திருப்பண்டத் திருட்டு இடைக்காலத்தில் அரிதான செயல் அல்ல. 828-ல் வெனிஸ் வணிகர் புனித மாற்கின் உடலை அலெக்சாந்திரியாவிலிருந்து கடத்தினர். 1087-ல் பாரி நகர மாலுமிகள் புனித நிக்கோலாசின் எலும்புகளை மைராவிலிருந்து எடுத்துச் சென்றனர். இவற்றை விவரிக்கும் நூல்கள் ஒரே வாதத்தையே முன்வைக்கின்றன: புனிதருக்கு விருப்பமில்லையென்றால் அவரை நகர்த்தியிருக்க முடியாது, நகர்ந்தார் என்பதே சம்மதம். வடம் பிடித்தும் தேர் நகராவிட்டால் சாமிக்கு மனமில்லை என்று சொல்லும் ஊரில் பிறந்த வாசகருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வரலாற்றாசிரியர் பாட்ரிக் கியரி இத்தகைய திருட்டுகளை ஆராய்ந்து 1978-ல் ஒரு நூல் வெளியிட்டார். பார்ஜெட்டரின் நாவல் அதற்கு ஓராண்டு முந்தியது. அவர் அந்த வாதத்தை அப்படியே திருப்பிப் போடுகிறார். புனிதைக்கு வர விருப்பமில்லை, அதனால் வரவில்லை. காட்ஃபேல் தன் செயலுக்குத் தேடும் நியாயமும் திருடர்கள் தேடிய அதே நியாயம்தான்.

தனி நாவல் தொடரானபோது

முதல் நாவல் எழுதப்பட்டபோது தொடர் என்ற எண்ணம் பார்ஜெட்டருக்கு இல்லை. 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' (ஒரு பிணம் அதிகம்) 1979-ல் வந்தது. மூன்றாம் நாவலான 'மாங்க்ஸ் ஹுட்' 1980-ல் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிக் குத்துவாள் விருதைப் பெற்றது. அதன்பின் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வந்தன. பதினேழு ஆண்டுகளில் எழுதப்பட்ட இருபது நாவல்களின் கதைக்காலம் 1137 மே முதல் 1145 முடிவு வரை, எட்டரை ஆண்டுகள்தான். ஸ்டீபன் மன்னருக்கும் பேரரசி மாடுக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போர் பின்னணியில் மாதவாரியாக நகர்கிறது.

தனி நாவலாக எழுதியதைத் தொடரின் முதற்பகுதியாக மாற்றும்போது புதிர்கள் எழுவது இயல்பு. முதலாவது, ஆண்டு. எலும்புகள் வந்த ஆண்டு பொதுவாக 1138 எனப்படுகிறது. நாவல் 1137 என்கிறது. இதைப் பிழையாகக் கொள்ள வேண்டியதில்லை. 1138 ஆகஸ்டில் ஸ்டீபன் ஷ்ரூஸ்பரிக் கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்து, காவற்படையினர் 94 பேரைத் தூக்கிலிட்டார். இரண்டாம் நாவலில் அந்தப் பிணங்களை எண்ணும்போதுதான் ஒன்று அதிகமாக இருக்கிறது. எலும்புப் பயணமும் அதே ஆண்டில் அமைந்திருந்தால் மடம் ஒரே கோடையில் புனிதைக்கு விழா எடுத்து, தூக்கிலிடப்பட்டவரையும் அடக்கம் செய்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு முன்தள்ளியதால் தொடருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. 1138 டிசம்பரில் மடத் தலைவர் ஹெரிபர்ட் பதவி நீக்கப்பட்டு ரடுல்ஃபஸ் வருவதும் வரலாற்றை ஒட்டியே 'மாங்க்ஸ் ஹுட்' நாவலில் வருகிறது. பேழை ஏமாளியான ஹெரிபர்ட்டின் காலத்தில் வந்தது. கூர்மையான ரடுல்ஃபஸ் அதை உண்மையென்றே பெற்றுக்கொள்கிறார். இந்தத் தலைவர் மாற்றம் பொய்யின் கனத்தைக் கூட்டிவிடுகிறது. ஹெரிபர்ட்டை ஏமாற்றுவதும் ரடுல்ஃபஸை ஏமாற்றுவதும் காட்ஃபேலுக்கு ஒன்றல்ல.

இரண்டாவது புதிர், காட்ஃபேலின் கடந்தகாலம். முதல் நாவலில் அவர் தன் வாழ்வில் வந்த பெண்களை நினைத்துப் பார்க்கிறார். வெனிஸின் பியாங்கா, கிரேக்கப் படகுப்பெண் அரியானா, சாரசென் விதவை மரியம் என்று மூன்று பெயர்கள் வருகின்றன. பல ஊர் பார்த்த மனிதர் என்று காட்டுவதற்கான மேலோட்டமான பட்டியல் அது. ஆறாம் நாவலான 'தி வர்ஜின் இன் தி ஐஸ்' (பனிக்கட்டியில் கன்னி, 1982) அந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. மரியமின் மகன் ஒலிவியே இங்கிலாந்து வருகிறான். அவன் தன் மகன் என்பதைக் காட்ஃபேல் உணர்கிறார். வரிசையின் இறுதி நாவல் இந்த உறவின்மேல் நிற்கிறது. ஒரு வாக்கியத்தின் அலங்காரமாக வந்த பெயர் ஐந்து ஆண்டுகளுக்குப்பின் ஒரு மனிதனின் வாழ்க்கையாகிறது. தொடர் எழுதுபவர்கள் தங்கள் பழைய பக்கங்களைத் திரும்பப் படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

காட்ஃபேல் துறவியான கதை முதல் நாவலில் இல்லை. அது 1988-ல் வந்த 'எ ரேர் பெனடிக்டைன்' சிறுகதைத் தொகுப்பில், 1120-ல் நடப்பதாகச் சொல்லப்பட்டது. பிற்பாடு எழுதிய முற்பகுதிகளுக்கே உரிய குறை அதில் உண்டு. நமக்கு முன்பே தெரிந்த மனிதரை அது உறுதிப்படுத்துகிறது, ஆனால் புதிதாக எதையும் காட்டுவதில்லை.

1994 முதல் 1998 வரை டெரெக் ஜேகபி நடித்து ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் இரண்டாம் நாவலில் தொடங்கி, எலும்புகளின் கதையைப் பின்னால் தள்ளியது. பதின்மூன்று பகுதிகளும் தனித்தனியே சுவையானவைதான். ஆனால் பேழையில் இருப்பது யார் என்பதை அறிந்துகொண்டே மற்றக் கதைகளைப் பார்க்கும் அனுபவம் அதில் இல்லாமல் போயிற்று. வரிசையை எந்த ஒழுங்கில் படித்தாலும் பரவாயில்லை என்று சொல்லப்படுவதுண்டு. முதலாவதற்கு மட்டும் அது பொருந்தாது.

ரூனின் கால்

பத்தாம் நாவலான 'தி பில்கிரிம் ஆஃப் ஹேட்' (வெறுப்பின் பயணி, 1984) 1141-ல் நடக்கிறது. ஜூன் 22 அன்று வினிஃப்ரெட் மடத்துக்கு வந்த நாளின் விழா. நாடெங்குமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். காட்ஃபேலின் பொய் முதன்முறையாக மனித முகங்களைச் சந்திக்கிறது. அவர்களில் ஒருவன் ரூன், பதினாறு வயது ஊனமுற்ற சிறுவன். அவன் ஊன்றுகோலை விட்டுவிட்டுப் பேழையை நோக்கி நடக்கிறான்.

துப்பறியும் நாவலில் உண்மையான புதுமை ஒன்றை வைப்பது ஆபத்தானது. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்ற நம்பிக்கையில்தான் அந்த வகை எழுத்து நிற்கிறது. பார்ஜெட்டர் இங்கே காரணம் தேடவில்லை. ரூன் நடிக்கவில்லை, மருந்தால் குணமாகவில்லை. முதல் நாவலோடு சேர்த்துப் படித்தால் ஒரு சிறு பொருள் கண்ணில் படும்: காட்ஃபேலின் கசகசாப் பாகு. கொலம்பானஸ் அதை உடன் காவலிருந்த ஜெரோமின் மதுவில் கலந்து அவரைத் தூங்கவைத்துவிட்டுக் கொலைக்குப் போனான். ரூனுக்கு வலி தணிய அதே பாகு தரப்படுகிறது. அவன் அதைக் குடிக்காமல் திருப்பிக் கொடுக்கிறான். தன் வலியையே புனிதைக்குக் காணிக்கையாக்க நினைக்கிறான். முதல் நாவலில் நோய் நடிப்பு, குணமும் நடிப்பு. பத்தாவதில் நோயும் மெய், குணமும் மெய். பேழை மட்டும் அதே பேழை.

காட்ஃபேல் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் எளிமையானது. சில நாள் அந்தப் பேழையில் கிடந்தவள் அதைத் தொட்டுச் சென்றிருக்கிறாள். குவிதெரினிலிருந்தே அவளால் கேட்க முடியும். அவளிடம் அவர் தம் தாய்மொழியான வேல்ஸில் பேசுகிறார். இறையியலாக இதில் தவறில்லை. திருப்பண்டம் புனிதரை அழைப்பதற்கான வாயில்தான், அவரை அடைத்துவைக்கும் பெட்டி அன்று. ஏறத்தாழ காட்ஃபேல் மடத்தில் சேர்ந்த காலத்திலேயே பிரான்சில் நோஜாங் மடத் தலைவர் கிபேர் போலித் திருப்பண்டங்களைக் கண்டித்து நூல் எழுதினார். திருமுழுக்கு யோவானின் தலை தன்னிடம் இருப்பதாக இரண்டு இடங்கள் உரிமை கொண்டாடுவதை அவர் கேலி செய்தார். ஆனால் கிபேரும் காட்ஃபேலும் நிற்கும் இடம் வேறு. கிபேர் பொய்யை வெளிப்படுத்தினார். காட்ஃபேல் பொய்யைக் காத்துக்கொண்டே அதிலிருந்து ஆறுதலும் பெறுகிறார்.

கதையாக இப்பகுதி நெஞ்சைத் தொடுகிறது. ஆனால் ஆசிரியர் காட்ஃபேலுக்கு மன்னிப்பை மிக மலிவாகக் கொடுத்துவிட்டார் என்ற எண்ணமும் எழாமல் இல்லை. ரூன் நடந்ததும் காட்ஃபேலின் பொய் நியாயமாகிவிடுகிறது. ரூன் நடக்காமல் வீடு திரும்பியிருந்தால்? விழாவுக்கு வந்து அப்படித் திரும்பிய மற்றவர்களைப் பற்றி நாவல் அதிகம் பேசுவதில்லை.

திருடிய பேழையைத் திருடுதல்

இக்கேள்விக்குப் பதில் சொல்ல வந்ததுபோல் இருக்கிறது பத்தொன்பதாவது நாவலான 'தி ஹோலி தீஃப்' (புனிதத் திருடன், 1992). ராம்சி மடத்தைக் கைப்பற்றிச் சூறையாடிய ஜெஃப்ரி தெ மாண்டெவில் 1144 செப்டம்பரில் அம்புக்காயத்தால் இறந்தான். பாழான மடத்தைக் கட்டியெழுப்ப உதவிகேட்டு அதன் துணைத் தலைவர் ஹெர்லுவினும் டுட்டிலோ என்ற இளந்துறவியும் ஷ்ரூஸ்பரி வருகிறார்கள். செவர்ன் ஆறு பெருகி வெள்ளம் ஆலயத்துக்குள் நுழைய, பேழையைத் துணியில் சுற்றி மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். வெள்ளம் வடிந்தபின் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு மரக்கட்டை. டுட்டிலோ ராம்சிக்காகப் பேழையைக் கடத்திவிட்டான். வழியில் கொள்ளையர் வண்டியைப் பறிக்க, பேழை லெஸ்டர் பிரபு ராபர்ட் போமாண்டின் நிலத்தில் கிடைக்கிறது. அவரும் உரிமை கோருகிறார்.

பேழை இல்லாதபோது மரக்கட்டை. பேழை இருந்தபோதும் அதில் புனிதை இல்லை. பார்ஜெட்டர் இந்த இரட்டைப் பொய்யை நன்கு உணர்ந்தே கதையை அமைத்திருக்கிறார். டுட்டிலோ தன் செயலுக்குச் சொல்லும் நியாயம், புனிதையே அதை விரும்பினாள் என்பது. காட்ஃபேல் அதைக் கேட்டுச் சினம் கொள்ள முடிவதில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அவரும் அதையே சொல்லிக்கொண்டார். கடத்தியவனைக் காட்டிக்கொடுக்கக்கூடிய இடையன் ஆல்ட்ஹெல்ம் கொல்லப்பட்டதும் சந்தேகம் டுட்டிலோ மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்றக் காட்ஃபேல் காட்டும் முனைப்பில் தன்னையே காக்கும் உணர்வும் கலந்திருக்கிறது. நாவலின் நுட்பமான இடம் இதுதான்.

மூவரில் யாருக்குப் பேழை என்பதை முடிவுசெய்ய நற்செய்தி நூலைக் கண்மூடித் திறந்து விரல் வைத்துக் குறி பார்க்கிறார்கள். திருமுறைச் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்கும் தமிழ்ச் சைவ வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். ஐரோப்பியத் திருச்சபை இவ்வழக்கத்தைப் பலமுறை கண்டித்தும் அது ஒழியவில்லை. ஹெர்லுவினுக்குக் கிடைக்கும் வரி அவரைத் துரத்துகிறது. ஷ்ரூஸ்பரிக்குக் கிடைப்பது ஏற்பு. இங்கேயும் பார்ஜெட்டர் விளக்கம் தரவில்லை.

இங்கே நாவல் ஒரு கதவை மூடிவிடுகிறது. ஆறு பெருகியது, வண்டி கவிழ்ந்தது, கொள்ளையர் கையில் அகப்பட்டது, இரண்டு மாவட்டங்களைக் கடந்தது. இத்தனைக்கும் பேழை திறக்கப்படவில்லை. புனிதையை வணங்குபவர்கள் அஞ்சித் திறக்கவில்லை என்பது சரி. கொள்ளையருக்கு என்ன அச்சம்? திறந்திருந்தால் தொடரின் அடித்தளமே சரிந்திருக்கும். அதனால்தான் ஆசிரியர் திறக்கவிடவில்லை என்ற ஐயம் வாசகருக்கு எழுவது நியாயம். துப்பறியும் கதையில் கொலைகாரனுக்கு மட்டும்தான் தற்செயல் உதவக்கூடாது என்பதல்ல, நாயகனுக்கும் கூடாது. காட்ஃபேலுக்கு இத்தொடரில் தற்செயல் பலமுறை உதவுகிறது. இவ்வளவு பெரிதாக உதவியது இங்கு மட்டுமே.

பிற நாவல்கள்

எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' 1327 நவம்பரில் இத்தாலிய மடம் ஒன்றில் நடக்கிறது. திருப்பண்டக் கருவூலத்தைக் கண்டு வியக்கும் இளைஞன் அட்சோவிடம் பாஸ்கர்வில் வில்லியம், திருமுழுக்கு யோவானின் பன்னிரண்டு வயது மண்டையோட்டைத் தாம் பார்த்ததாகச் சொல்கிறார். கிபேரின் கேலிக்கு அடுத்த படி அது. எக்கோவுக்குத் திருப்பண்டம் நகைப்புக்குரிய பொருள். பின்னர் 'பௌதோலினோ' (2000) நாவலில் அவர் போலித் திருப்பண்டத் தயாரிப்பையே கதையாக்கினார். அறிவுச் சுவையில் எக்கோவுக்கு நிகர் இல்லை. ஆனால் அவருடைய போலிகளால் யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. அரியானா ஃபிராங்க்ளினின் 'ரெலிக்ஸ் ஆஃப் த டெட்' (2009) கிளாஸ்டன்பரி மடத்தில் கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் ஆர்தர் மன்னருடையவையா என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறது. அதற்காக 1184-ல் நடந்த மடத் தீவிபத்தைச் சில ஆண்டுகள் முன்னே நகர்த்துகிறது. வினிஃப்ரெட்டின் ஓர் ஆண்டு நகர்வை இதோடு ஒப்பிட்டால் பார்ஜெட்டரின் கட்டுப்பாடு விளங்கும்.

ஒப்புக்கொள்ளாத பொய்

காட்ஃபேல் சட்டத்தை வளைப்பவர். குற்றவாளி மனம் திருந்தினால் தப்பவிடுவார். தம் நண்பரும் ஷெரீஃபுமான ஹியூ பெரிங்காரிடம் பாதியைச் சொல்லிப் பாதியை மறைப்பார். பேழை இரகசியத்தை ஹியூவுடன் பகிர்ந்துகொள்கிறார். ஹியூ சிரித்துக்கொண்டு காக்கிறார். மடத் தலைவர் ரடுல்ஃபஸிடம் அதை ஒப்புக்கொள்ளும் காட்சி எங்கும் இல்லை. பாவசங்கீர்த்தனம் கடமையாக உள்ள ஒரு துறவி எட்டு ஆண்டுகள் இதை மறைக்கிறார். நண்பனிடம் சொல்லத் துணிந்தவர் தலைவரிடம் சொல்லாதது ஏன் என்பதே வரிசையின் தீராத புதிர்.

இறுதி நாவலான 'பிரதர் காட்ஃபேல்ஸ் பெனன்ஸ்' (1994) அவருக்குத் தண்டனை தரவே எழுதப்பட்டது. சிறைப்பட்ட மகனைத் தேடி, அளித்த அனுமதியை மீறி மடத்தை விட்டுப் போகிறார் காட்ஃபேல். கடமை முடிந்ததும் திரும்பிவந்து ஆலயத் தரையில் விழுந்து கிடக்கிறார். ரடுல்ஃபஸ் அவரை ஏற்கிறார். உலக வாழ்வின் பாசத்துக்கும் துறவின் கீழ்ப்படிதலுக்கும் இடையில் கிழிபடும் முதியவரை இதைவிட நேர்மையாகக் காட்டுவது கடினம். ஆனால் அவர் மண்டியிடும் அதே ஆலயத்தில் பேழை இருக்கிறது. கீழ்ப்படியாமைக்கு அவர் தண்டனை ஏற்கிறார். பொய்க்கு ஏற்கவில்லை.

இதைக் குறையென்று கொள்பவர்கள் உண்டு. பார்ஜெட்டர் தன் நாயகரை அளவுக்குமேல் நேசித்தார் என்பது அவர்கள் தரப்பு. அதில் உண்மை இருக்கிறது. எனினும் ஒப்புக்கொண்டிருந்தால் நேரக்கூடியதை எண்ணிப் பார்க்கவேண்டும். ரடுல்ஃபஸ் பேழையைத் திறக்கவேண்டும் அல்லது பொய்யில் பங்காளியாகவேண்டும். திறந்தால் கொலம்பானஸின் எலும்புகளைப் பார்க்கப்போகிறவன் ரூன். துறவியாகி, புனிதையின் பீடத்தைப் பேணுகிறவனாக அவன் அந்த மடத்திலேயே இருக்கிறான். காட்ஃபேலின் மௌனத்துக்கு நாவல்களிலிருந்து எடுக்கக்கூடிய வலுவான காரணம் ரூன்தான். பார்ஜெட்டர் இதை எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தொடர் இன்னும் கனத்திருக்கும்.

வரலாற்றில் பிரையர் ராபர்ட் பின்னாளில் மடத் தலைவரானார். நாவல் வரிசை அதற்குமுன் நின்றுவிடுகிறது. தற்பெருமைக்காரராகக் காட்டப்பட்ட அவர் தலைமையில் காட்ஃபேல் எப்படி வாழ்ந்திருப்பார் என்பதை வாசகர்தான் கற்பனை செய்துகொள்ளவேண்டும்.

எஞ்சியவை

எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடங்கள் கலைக்கப்பட்டபோது, 1540-ல் ஷ்ரூஸ்பரி மடமும் மூடப்பட்டது. வினிஃப்ரெட்டின் பீடம் அழிந்தது. மடத்தின் ஆலயம் பங்குக் கோவிலாக இன்றும் நிற்கிறது. விரல் எலும்பின் ஒரு துண்டு மட்டும் தப்பி, 1852-ல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு ஹோலிவெல்லுக்கும் ஷ்ரூஸ்பரிக்கும் போனது. ஒரு புனிதரின் எச்சம் பல ஊர்களில் இருப்பது புதிதல்ல. மயிலாப்பூரில் கல்லறை கொண்ட புனித தோமாவின் எலும்புகள் எடெசா சென்று, கியோஸ் தீவு வழியாக 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனாவை அடைந்ததாக மரபு உண்டு.

குவிதெரினில் எலும்புகள் போனபின்பும் ஒரு பழம் பேழை இருந்தது. வீட்டுக் கூரை வடிவில் அமைந்த, உலோகத் தகடு பொதிந்த மரப்பேழை. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக மதிப்பிடப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் அறிஞர் எட்வர்ட் லூயிட் அதன் வரைபடத்தைப் பதிவு செய்தார். பின்னர் அது துண்டு துண்டாகிக் காணாமல் போயிற்று. அதன் ஒரு மரத்துண்டு 1991-ல் ஹோலிவெல்லில் அடையாளம் காணப்பட்டது. முதல் நாவல் வெளிவந்து அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 'தி ஹோலி தீஃப்' அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்தது.